ஏலகிரி முகாமும் மாப்ளயும்

மே 20, செவ்வாய்: சென்னையிலிருந்து மலைக்கு

அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. மூளை முடக்குவாதம், ஆஸ்பத்திரியில் சி.பி. என்பார்கள். கை கால் நான்கிலும் தசை இறுக்கம், அதனால் எங்கே போனாலும் சக்கர நாற்காலி. சொல்வதெல்லாம் புரியும், கணக்கு என்னைவிட வேகமாகப் போடுவான், பேச்சு மட்டும் வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் பிடிபடாது. மடியில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும். படங்களும் எழுத்துகளும் ஒட்டிய அந்த அட்டையை வலது கை நடுவிரலால் தொட்டுத் தொட்டுப் பேசுவான். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதலாம், பெயர் வேண்டாம் என்றான். நான் அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

அக்காவுக்குக் கைக்குழந்தை இருப்பதால் இந்தக் கோடை முகாமுக்கு நான் துணை. சில பெற்றோர்களும் சிறப்பாசிரியர்களும் சேர்ந்து ஏலகிரியில் ஒரு பழைய வளாகத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். பிள்ளை ஒன்று, துணை ஒருவர், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்.

ரயிலில் எதிர் சீட்டில் ஒரு அம்மா. அரக்கோணம் வருவதற்குள் எல்லாம் கேட்டுவிட்டார். பையனுக்கு என்ன ஆச்சு, பிறவியிலேயா, எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க, சொந்தத்துல கல்யாணமா. நல்ல மனசுக்காரர், அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். அதையும் என் பக்கம்தான் நீட்டினார், "தம்பி சாப்பிடுமா?" மாப்ள அட்டையில் 'வேண்டாம்' தொட்டு, அப்புறம் 'நன்றி'யும் தொட்டான். அவர் கண் அங்கே போகவே இல்லை. எங்கே போனாலும் இதுதான் நடக்கிறது. ஓட்டலில், கோயிலில், ஜவுளிக் கடையில், அவனுக்குரிய கேள்வி அவன் தலைக்கு மேலே போய்க் கூட வந்தவரிடம் நிற்கிறது. அளவு அவன் சட்டைக்கு, கலர் பிடிச்சிருக்கா என்று கேட்பது என்னிடம். இந்தப் பயணம் முழுக்க என் கவனம் இதிலேயே இருந்ததால் கீழே எழுதுவதிலும் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

ஜோலார்பேட்டையில் இறங்கும்போது அக்னி நட்சத்திரம் முழு வேகத்தில் இருந்தது. நாற்காலியின் இரும்புக் கைப்பிடியைத் தொட முடியவில்லை, ஈரத் துண்டைச் சுற்றிவைத்தேன். கார் 900 ரூபாய்க்குப் பேசினோம். ஓட்டுநர் திருப்பத்தூர்க்காரர், நாற்காலியை மடக்கி ஏற்றிவிட்டு மாப்ளயைப் பார்த்தே கேட்டார், "தம்பி, முன்னாடி உக்காருறியா? பின்னாடி உக்காந்தா வளைவுல தலை சுத்தும்." அவன் சிரித்த சிரிப்பிலேயே பதில் இருந்தது. சீட்டை நன்றாகச் சாய்த்து, இடுப்புக்கு ஒரு பெல்ட், கழுத்துக்கு ஒரு சுருட்டின துண்டு, கிளம்பிவிட்டோம்.

பொன்னேரி தாண்டியதும் மலைப்பாதை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர். பாரி வளைவில் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் மாப்ள சத்தம் கொடுத்தான். ஓட்டுநர் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டினார். அட்டையில் எழுத்து எழுத்தாக 'தேர் கொடுத்தவர்' என்று முடிக்கக் கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம் ஆனது. அவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும், "ஆமா தம்பி, முல்லைக்கு" என்றார். அவ்வளவுதான், வண்டியை எடுத்துவிட்டார். கண்ணாடி வழியாகக் காற்று குளிர ஆரம்பித்தது அங்கேதான். உச்சி சுமார் 1,100 மீட்டர், ஊட்டிக் குளிர் எல்லாம் கிடையாது, ஆனாலும் கீழே வெந்து வந்தவர்களுக்கு அது போதும்.

முகாம் வாசலில் பதிவு மேஜை. கல்லூரிப் பெண் ஒருத்தி, தன்னார்வலர், எழுந்து வந்து மாப்ள முன்னால் மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பெயர் என்ன, என்ன சாப்பிடப் பிடிக்கும், எதற்கெல்லாம் உதவி வேண்டும், எதற்கு வேண்டாம், எல்லாம் அவனிடமே. அவன் விரல் அட்டையில் தேடும் நேரம் முழுக்கப் பேசாமல் இருந்தாள். மருந்துச் சீட்டு மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டாள்.

ராத்திரி துணைக்கு வந்தவர்களை எல்லாம் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முகாமை நடத்துகிற மூத்த சிறப்பாசிரியையை எல்லாரும் டீச்சரம்மா என்கிறார்கள். அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்று. "பிள்ளைகிட்ட ஒன்னு கேட்டா, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அதுக்கு முன்னாடி வாயத் திறக்காதீங்க." இறுக்கம் உள்ள பிள்ளைக்குக் கேள்வி காதில் விழுந்து, பதில் யோசித்து, அதைக் கைக்குக் கொண்டுவர அவ்வளவு நேரம் வேண்டும். நாம் இரண்டு வினாடியில் நாமே பதில் சொல்லிவிடுகிறோம், நாலைந்து வருஷம் அப்படிப் போனால் பிள்ளை பதில் சொல்வதையே விட்டுவிடும் என்றார்.

சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், வேர்க்கடலைச் சட்னி. இந்தப் பக்கத்துச் சாப்பாடு. மாப்ளக்குக் களி வசதியாக இருந்தது, பொரையேறவில்லை. மாப்ள இரண்டு உருண்டை கேட்டு வாங்கினான்.

மே 21, புதன்: போச்சியா

காலையில் மைனாச் சத்தம். சாப்பாட்டுக் கூடத்துக்கு மூன்று படி, படிக்கு அரையடி. 1:12 சரிவு என்று கணக்கு, அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், ஆக ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி நீளத்துக்குப் பலகை போட்டு, இரண்டு பக்கமும் கட்டைச் சட்டம் அடித்திருந்தார்கள். நகரத்தில் எத்தனையோ பெரிய கட்டடங்களில் சரிவு என்ற பெயரில் செங்குத்தாகச் சிமெண்ட் பூசி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதில் நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இங்கே மாப்ளயை ஒரு கையால் தள்ளிக்கொண்டு போனேன்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அன்றைய நிகழ்ச்சி எல்லாம் படமாகக் கயிற்றில் தொங்கியது, முடிந்த படத்தை அவர்களே கழற்றிப் பெட்டியில் போடுகிறார்கள். சத்தம் தாங்காதவர்களுக்கு மரத்தடியில் ஒரு கூடாரம், உள்ளே பாயும் தலையணையும் மட்டும், யாரும் பேசக்கூடாது. ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாட்டி, "எம் பேத்தி கல்யாண வீட்ல காதப் பொத்திக்கிட்டு அழுதா அடம் புடிக்கிறான்னு சொல்லுவாங்க, அங்கயும் இந்த மாரி ஒரு ரூம் இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்றார். பேத்தி உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் தானாகவே வெளியே வந்து பெயிண்ட் மேஜைக்குப் போய்விட்டாள்.

மதியத்துக்கு மேல் போச்சியா. பெயரை முதல் தடவை கேட்கிறேன். சி.பி. உள்ளவர்களுக்கென்றே உருவான ஆட்டம், 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. வெள்ளைப் பந்து ஒன்றை முதலில் உருட்டிவிட வேண்டும், அப்புறம் ஒரு பக்கம் ஆறு சிவப்பு, இன்னொரு பக்கம் ஆறு நீலம், யார் பந்து வெள்ளைக்குக் கிட்டத்தில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. பார்க்க எளிது, ஆனால் எதிராளி பந்தை எப்போது தட்டிவிடுவது, எப்போது வழியை அடைப்பது என்று ஏகப்பட்ட யோசனை இருக்கிறது. நிஜமான தோல் பந்து செட் விலை அதிகம் என்பதால் இங்கே கேன்வாஸ் துணியில் கேழ்வரகு நிரப்பி இறுக்கித் தைத்திருந்தார்கள், எடை கிட்டத்தட்ட அசல் அளவான 275 கிராம்.

பந்தை எறிய முடியாதவர்களுக்குச் சரிவுக் குழாய் உண்டு. நாலு அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து ஒரு ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். பந்தை மேலே வைத்து, ஆடுபவர் விரலாலோ தலையில் மாட்டிய குச்சியாலோ விட்டால் உருண்டு போகும். குழாயை இடம் வலம் திருப்பவும் பந்தை மேலே கீழே வைக்கவும் ஒரு உதவியாளர் வேண்டும். மாப்ளக்கு நான்.

உதவியாளர் களத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. ஆடுபவர் சொன்னபடி குழாயை நகர்த்தலாம், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. முகாமுக்காக இவர்கள் வைத்த விதி இல்லை இது, உலகப் போட்டிகளிலும் அப்படித்தானாம்.

உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது மாப்ளயின் முகம் மட்டும். கண்ணால் இடது என்றான், நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம் என்றான். நிறுத்து. பந்து கீழே வேண்டும், அதாவது மெதுவாகப் போக வேண்டும். அவன் கண்கள் என்னைத் தாண்டி, எனக்குத் தெரியாத ஒரு இடத்தை அளந்துகொண்டிருந்தன. பிறந்த நாளிலிருந்து அவனைப் பார்க்கிறேன், இப்படி ஒரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை. நடுவிரலை எடுத்தான், பந்து உருளும் சத்தம் எனக்குப் பின்னால் போனது, அப்புறம் ஒரு அமைதி, அப்புறம் எல்லாரும் கத்தினார்கள். என்ன ஆனது என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ராணிப்பேட்டைப் பாட்டி வேறொரு பையனுக்கு உதவியாக உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்ததில் நடுவர் அந்தப் பந்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பையன் பாட்டியைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அவர் கழுத்தை அசைக்கவே இல்லை.

சாயங்காலம் இடியோடு நல்ல மழை. குளிர் ஏறினால் இவனுக்குத் தசை இன்னும் இறுகும், கால் இரண்டும் கத்தரிபோட்டுக்கொண்டன. வெந்நீர்ப் பை வாங்கி வந்து தொடைக்கு அடியில் வைத்து, மெல்ல நீவி விரித்துவிட ஒரு மணி நேரம் ஆனது. வலியிலும் அட்டையை இழுத்து 'நாளை' 'பந்து' என்று தொட்டான்.

மே 22, வியாழன்: ஏரியும் பஞ்சரும்

புங்கனூர் ஏரிக்கு எல்லாரும் போனோம். வெயில் இருந்தாலும் ஏரிக் காற்று இருந்தது. வழியில் பலாச்சுளை விற்கிறார்கள், பத்துச் சுளை 40 ரூபாய், தேன் போல இனிக்கிறது, மாப்ளக்கு நசுக்கிக் கொடுத்தேன். படகில் அவன் முன்பக்கம் உட்கார வேண்டும் என்றான். லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஒரு தன்னார்வலர் பின்னால் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் அவன் முதுகைத் தாங்கிக்கொள்ள, போய்விட்டு முழுக்க நனைந்து வந்தான்.

கரையில் பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு வலிப்பு வந்துவிட்டது. வலிப்பு வரக்கூடிய பிள்ளைகள் கையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு தன்னார்வலர்கள் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள், துப்பட்டாவை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தார்கள், வாயில் எதையும் திணிக்கவில்லை, கை காலை அழுத்திப் பிடிக்கவில்லை, ஒருத்தி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மருந்து, உடனே ஆஸ்பத்திரி, வண்டியும் தயாராக நின்றது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சோளம் சுட்டு விற்கிற பெரியவர் ஓடிவந்து சாவிக்கொத்தை நீட்டினார், "இரும்பு குடும்மா, கையில குடு." கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலர் தலையை நிமிர்த்தாமல், "வேணாங்க ஐயா, தானா நின்னுடும். கூட்டத்த மட்டும் கொஞ்சம் விலகச் சொல்லுங்க, அதுதான் பெரிய உதவி" என்றாள். அவர் சாவியை மடியில் செருகிக்கொண்டு திரும்பி நின்று இரண்டு கையையும் விரித்தார், ஒருவரையும் கிட்டே விடவில்லை, போன் எடுத்துப் படம் பிடிக்கப் பார்த்த ஒருவரைப் பிடித்துக் கண்டித்தார். இரண்டு நிமிஷத்தில் வலிப்பு நின்றது. பிள்ளை வேனில் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து சோளம் கேட்டாள். பெரியவர் காசு வாங்க மாட்டேன் என்றார், 30 ரூபாயை அவர் கூடையில் போட்டுவிட்டு வந்தோம்.

திரும்பும்போது நாற்காலியின் பின்சக்கரத்தில் முள் ஏறிக் காற்று இறங்கிவிட்டது. அத்தனாவூரில் ஒரு சைக்கிள் கடை. மாப்ளயைப் பெஞ்சில் உட்காரவைத்து நான் பிடித்துக்கொண்டேன். "இருபத்தி நாலு இன்ச்சு, சைக்கிள் மாரிதான்" என்று கடைக்காரர் டியூபை உருவித் தண்ணீரில் முக்கினார். ஒட்டி முடித்துப் பம்ப்பைக் கையில் எடுத்ததும் மாப்ளயிடம் திரும்பினார். "காத்து கெட்டியா வெக்கட்டா, கொஞ்சம் கம்மியா விடட்டா? கெட்டியா இருந்தா லேசா ஓடும், கல்லுல தூக்கிப் போடும்." இவன் யோசித்தான். அவர் பம்ப்பைப் பிடித்தபடி நின்றார், என் பக்கம் திரும்பவே இல்லை. 'கெட்டி' என்று தொட்டான். "செரி" என்று அடித்தார். 50 ரூபாய். இவருக்கு யாரும் பத்து வரை எண்ணச் சொல்லித் தந்ததில்லை.

மே 23, வெள்ளி: பாயில் படுத்துப் பார்த்த வானம்

பகலில் போச்சியா போட்டி. மாப்ள அரையிறுதியில் ஓசூர்ப் பெண்ணிடம் தோற்றான். நியாயமான தோல்வி, அவள் கடைசிப் பந்தை வைத்து இவன் வழியை அடைத்துவிட்டாள் என்று அவனே சொன்னான், எனக்குத்தான் எதுவும் தெரியாதே.

ராத்திரி மேகம் விலகியது. மைதானத்தில் பாய்களைப் போட்டு எல்லாப் பிள்ளைகளையும் நாற்காலியிலிருந்து இறக்கிப் படுக்கவைத்தார்கள். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்கு நேராக மேலே பார்ப்பது என்பது வீட்டுக் கூரையைப் பார்ப்பதுதான். வடக்கே சப்தரிஷி, தெற்கே சித்திரை, உயரத்தில் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி. மாப்ளயின் ஜன்ம நட்சத்திரம் சுவாதி, அதுதான் அது என்று ஒருவர் லேசர் விளக்கால் காட்டியதும் கையை உதறி உதறிச் சிரித்தான். பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூரில்தான் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது, 2.3 மீட்டர் ஆடி, 1986இல் வந்தது. அங்கே ஒரு நாள் போக வேண்டும் என்றான்.

பிள்ளைகள் அப்படியே கிடக்க, டீச்சரம்மா அமெரிக்காவில் நியூயார்க் பக்கத்து மலையில் இருந்த ஜெனெட் முகாமைப் பற்றிச் சொன்னார். 1951இலிருந்து 1977 வரை நடந்த, மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான கோடை முகாம். போலியோவால் நடக்க முடியாமல் போன ஜூடித் ஹியூமன் அங்கே சிறுமியாகப் போனார், பிறகு வழிகாட்டியாகவும் இருந்தார். 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்து, அரசுப் பணம் பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்கிற 504ஆம் பிரிவின் விதிகளில் அரசு கையெழுத்துப் போடும்வரை போக மாட்டோம் என்று மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்தப் போராட்டத்தில் ஜெனெட் முகாமில் பழகியவர்கள் இன்னும் சிலரும் இருந்தார்கள். "முகாம்ல அவங்களுக்கு யாரும் புரட்சி சொல்லிக் குடுக்கல" என்றார் டீச்சரம்மா. "உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. கேட்டுப் பழகினவங்க வெளியில போயும் கேட்டாங்க."

நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29ஆம் பிரிவு பண்பாடும் பொழுதுபோக்கும், 30ஆம் பிரிவு விளையாட்டு. அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் பெற்றோர் அலைகிற அலைச்சலில் இந்த இரண்டையும் கேட்க யாருக்கும் தெம்பு இருப்பதில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. இந்தப் பிள்ளைகளின் கோடை விடுமுறை என்றால் தெரபிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதல் என்று ஆகிவிட்டது. மாப்ள எத்தனை மே மாதம் அப்படிக் கழித்தான் என்று எனக்குத் தெரியும்.

மே 24, சனி: ஆம்பூர்

கீழே இறங்க இறங்க அனல். ஆம்பூரில் நிறுத்திப் பிரியாணி சாப்பிட வேண்டும் என்பது மாப்ளயின் திட்டம், மூன்று நாளாகச் சொல்லிவந்தது. சீரகச் சம்பா, கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி, மட்டன் பிளேட் 240 ரூபாய். பரிமாறுகிற அண்ணன் என்னைப் பார்த்து, "சாருக்கு மட்டன். தம்பிக்குத் தயிர் சாதம் குடுத்துரலாமா? காரம் இருக்கும்." நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்ள மேஜையைத் தட்டினான், தட்டி அவரைத் திரும்பவைத்து, அட்டையைத் தூக்க முடியாததால் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவர் குனிந்து பார்த்தார். 'ம', 'ட்', 'ட', 'ன்'. "மட்டனா?" ஆமாம். "எலும்பு இல்லாமயா?" அதற்கும் ஆமாம். அவர் அப்புறம் கேட்ட கேள்வி எல்லாம் அவனிடமே கேட்டார், கத்திரிக்காய் இன்னும் வைக்கவா, தண்ணி சூடா வேணுமா. சாதத்தைப் பச்சடியோடு நன்றாகப் பிசைந்து, தாடை மேலே தூக்காமல் பார்த்துக்கொண்டு ஊட்டினேன், முக்கால் மணி நேரம் ஆனது, யாரும் எழுப்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ராத்திரி ஒன்பது. அக்கா வாசலிலேயே என்னிடம், "நல்லாச் சாப்பிட்டானாடா?" என்றாள். "அவங்கிட்டயே கேளுக்கா" என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு: மொட்டை மாடி

பெரம்பூரில் எங்கள் தெரு பிளம்பர் நாலு அங்குலக் குழாயைப் பிளந்து கொடுத்துவிட்டார், ஓரம் கையைக் கிழிக்காமல் உப்புக் காகிதம் போட்டு வழித்தும் தந்தார், கூலி சேர்த்து 450. பந்து அக்கா தைக்கிறாள். மாடியில் சாக்பீஸால் களம் போட்டோம், அசல் அளவு 12.5க்கு 6 மீட்டர், எங்கள் மாடியில் பாதிகூட வராது. நாற்காலியோடு அவனை மாடிக்குத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, அதுவும் தினம் நடக்காது.

கீழ் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து ஆட வருகிறார்கள். பக்கத்துத் தெருவில் சி.பி. உள்ள ஒரு பெண்ணும் இருக்கிறாள், அவள் அப்பா போனில் பேசினார். அதனால் ஒரு உதவி வேண்டும். பெரம்பூர், வியாசர்பாடி, அயனாவரம் பக்கம் படி இல்லாத, தரை சமமான கூடம் ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்துக்குக் கிடைத்தால் சொல்லுங்கள். வாடகை கொடுக்கிறோம். கழிவறைக்கு நாற்காலி நுழைய வேண்டும், கதவு அகலம் குறைந்தது மூன்றடி. குழாய் எப்படிப் பிளப்பது, ஸ்டாண்ட் எப்படி என்று யாருக்காவது வேண்டுமென்றால் அளவெல்லாம் எழுதி அனுப்புகிறேன், ஆட்ட நுணுக்கம் கேட்டால் மட்டும் மாப்ளதான் பதில் சொல்வான், கொஞ்சம் நேரம் எடுக்கும்.